தென்காசி மாடியில் ஒரு ராக் பாட்டு: ரெக்கார்டிங் முதல் ராயல்டி வரை... பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். ஐந்தருவியில் கூட்டம், பிரானூர் பார்டரில் பரோட்டா வாசம், தென்காசி தெருவெல்லாம் மலைக்காற்று. எல்லோரும் கொண்டாடுற இந்த சீசன் கிடார்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் எதிரி. ஈரம் ஏற ஏற ஸ்டீல் கம்பி துருப்பிடிக்கும், மரம் உப்பும், காலையில் வைத்த ட்யூனிங் சாயங்காலம் இருக்காது. தகர ஷீட் போட்ட மாடி ரூம் என்றால் கேட்கவே வேண்டாம். மழை விடும்வரை மைக்கை ஆன் செய்ய முடியாது.

ஆனாலும் ஒரு ஆல்டர்நேட்டிவ் ராக் சிங்கிளை இன்றைக்குத் தென்காசியில் உட்கார்ந்தே பதிவு செய்து, அடுத்த வெள்ளிக்கிழமை டொரன்டோவில் ஒருத்தர் கேட்கும்படி வெளியிட முடியும். லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், இன்டர்நெட் இருந்தால் போதும். தொழில்நுட்பம் இப்போ பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வேற இடத்தில் இருக்கு. நாலு நண்பர்கள் சேர்ந்து செய்த பாட்டு ஓடிவிட்டால், அது யாருடைய பாட்டு?

2021-ல் உலகமே ஆடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ அந்தக் கேள்வியில்தான் போய் மாட்டியது. அதற்கு வருவோம். முதலில் இந்த இசை என்னவென்று பார்த்துவிடலாம்.

*ஆல்டர்நேட்டிவ்... எதற்கு மாற்று?*

1980-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய ரேடியோக்கள் கண்டுகொள்ளாத ராக் குழுக்கள் நிறைய இருந்தன. சின்ன லேபிள்களும் கல்லூரி ரேடியோக்களும்தான் அவர்களுக்குக் கதி. அந்த மொத்தக் கூட்டத்துக்கும் ஒட்டிய பெயர்தான் ‘ஆல்டர்நேட்டிவ்’. அதாவது இது ஒரு சத்தத்தின் பெயராக இல்லாமல், வெளியே நிற்பவர்களின் பெயராகத்தான் ஆரம்பித்தது. 1991 செப்டம்பரில் நிர்வானா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சரணத்தில் அடக்கி வாசித்து, பல்லவியில் வெடிக்கும் அந்த அமைப்பு பிறகு ஒரு ஃபார்முலாவாகவே ஆனது. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் ராக் கிடார் பெரும்பாலும் சினிமா வழியாகத்தான் காதுக்கு வந்தது. சினிமாவுக்கு வெளியே பெரிதாகப் பேசப்பட்ட ஒரு முயற்சி ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானாவும் பறையும் ஒருபக்கம், எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் மறுபக்கம். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. தென்காசிப் பக்கத்தில் இதே மாதிரி யாராவது யோசித்தால் கைக்கு எட்டும் தூரத்தில் நையாண்டி மேளம் இருக்கு, வில்லுப்பாட்டு இருக்கு, கணியான் கூத்தின் மகுடம் இருக்கு. டிஸ்டார்ஷன் கிடாருக்குப் பக்கத்தில் மகுடத்தை வைத்துப் பார்க்க ஆசைப்படாத இசைக்காரர் இருப்பாரா என்ன!

*தப்பாகப் பதிவான பாட்டு*

ஒரு சிங்கிள் எப்படியெல்லாம் உருவாகும் என்பதற்கு ரேடியோஹெட் குழுவின் ‘க்ரீப்’ நல்ல உதாரணம். 1992. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு ஸ்டூடியோ. தயாரிப்பாளர்கள் ஷான் ஸ்லேடும் பால் கோல்டரியும் பதிவு செய்ய வந்தது வேறு பாடல்களை. அவை சரியாக அமையவில்லை. ஒத்திகையில் இந்தக் குழு சும்மா வாசித்த ஒரு பாட்டு நினைவுக்கு வர, அதை வாசியுங்களேன் என்றார்கள். அது வேறு யாரோ பாடிய பழைய பாட்டு என்றுதான் தயாரிப்பாளர்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே டேக். முடிந்ததும் ஸ்டூடியோவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பல்லவிக்கு முன்னால் ‘க்ரக் க்ரக்’ என்று கிடார் கடிக்குமே, அது கிடாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் செய்த வேலை. பாட்டு ரொம்ப சாதுவாக இருக்கிறது என்று எரிச்சல்பட்டு, கெடுக்கப் பார்த்தார். அதுவே பாட்டின் அடையாளமாகிவிட்டது.

1992 செப்டம்பர் 21-ல் வெளியானபோது யாரும் சீண்டவில்லை. பிபிசி ரேடியோ 1-க்கு அது ரொம்ப சோகமாகப் பட்டது. விற்றது சுமார் 6,000 பிரதிகள். பிறகு இஸ்ரேலில் ஒரு ரேடியோ தொகுப்பாளர் விடாமல் ஒலிபரப்ப, அங்கிருந்து அமெரிக்கா போக, 1993-ல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டன் பட்டியலில் 7-வது இடம்.

கதை அங்கே முடியவில்லை. ‘தி ஹோலிஸ்’ குழு 1974-ல் ஹிட்டாக்கிய ‘தி ஏர் தட் ஐ பிரீத்’ பாட்டின் சாயல் இதில் இருக்கிறது என்று பிரச்னை எழுந்தது. இன்றைக்கு ‘க்ரீப்’ பாட்டின் எழுத்தாளர்கள் பட்டியலில் ரேடியோஹெட் உறுப்பினர்களோடு ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேசல்வுட் என்ற இரண்டு பெயர்களும் உண்டு. பழைய பாட்டை எழுதிய அவர்கள், புதுப் பாட்டு பதிவானபோது அந்த ஸ்டூடியோ பக்கமே போனதில்லை.

*மாடி ரூம் ரெக்கார்டிங்*

கிடார், பேஸ், குரல்... இந்த மூன்றையும் வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஆம்ப் வாங்கக் காசில்லை என்றாலும் கிடாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகி, சாஃப்ட்வேரில் ஆம்ப் சத்தத்தை வரவழைக்கலாம். மெத்தை, போர்வை, துணி அடைத்த பீரோ எல்லாமே எதிரொலியை உறிஞ்சும். உயிரை வாங்குவது டிரம்ஸ்தான். ஒரு டிரம் செட்டுக்கு ஏழெட்டு மைக் தேவை, அதற்கேற்ற ரூம் தேவை, பொறுமையான அக்கம்பக்கத்தினர் தேவை. அதனால் பலரும் டிரம்ஸை மட்டும் கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்கிறார்கள், அல்லது மற்ற டிராக்குகளை பென்டிரைவில் போட்டுக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறி, ஸ்டூடியோவில் ஒருநாள் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

கடைசியில் மிக்ஸிங், மாஸ்டரிங். சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற அளவுக்குத் தானே இறக்கிவிடும். ராக் என்றால் காதைக் கிழிக்கணும் என்று மாஸ்டரிங்கில் நசுக்கித் தள்ளுவதால் பெரிய லாபம் கிடையாது.

*ஒரு பாட்டு, மூன்று சொத்து*

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1957-ம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் ‘பாட்டு’ என்று ஒற்றைப் பொருள் கிடையாது. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, அதன் சொந்தக்காரர் எழுதியவர். மெட்டு ஓர் இசைப் படைப்பு, அதன் சொந்தக்காரர் இசையமைத்தவர். பதிவான ஒலி மூன்றாவது சொத்து, அதைத்தான் தொழிலில் ‘மாஸ்டர்’ என்பார்கள். அதன் சொந்தக்காரர் தயாரிப்பாளர். அதாவது அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர்.

வரிகளுக்கும் மெட்டுக்கும் படைப்பாளியின் ஆயுள் முழுக்க, அவருக்குப் பிறகு 60 வருடங்கள் உரிமை உண்டு. மாஸ்டருக்கு வெளியான பிறகு 60 வருடங்கள்.

இப்போது ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்வோம். பாடகி வரிகளை எழுதினார். கிடாரிஸ்ட் மெட்டுப் போட்டார். டிரம்மர் வாசித்தார். பேஸ் வாசித்தவர் லேப்டாப்பில் மிக்ஸ் செய்தார். துபாயில் வேலை பார்க்கும் ஒரு மாமா செலவுக்குப் பணம் அனுப்பினார். மாஸ்டர் யாருக்கு? மாமாவா, மிக்ஸ் செய்தவரா, நாலு பேருமா? எழுதி வைக்காவிட்டால் ஆளாளுக்கு ஒரு நியாயம் இருக்கும். டிரம்மர் நிலைமை இன்னும் பாவம். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவருக்கு இருப்பது ‘நிகழ்த்துநர் உரிமை’தான். ராக் பாட்டில் பாதி உயிர் டிரம்ஸில் இருந்தாலும், சட்டம் அவரை இசையமைப்பாளர் என்று தானாகச் சொல்லாது.

அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் பாட்டு முடிந்த அன்றைக்கே ‘ஸ்ப்ளிட் ஷீட்’ போட்டுவிடுகின்றன. ஒரே ஒரு பக்கம். வரி யார், மெட்டு யார், மாஸ்டர் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்து. நண்பனிடம் போய் கையெழுத்துக் கேட்க கூச்சமாகத்தான் இருக்கும். பாட்டு லட்சம் வியூஸ் போன பிறகு கேட்டால் கூச்சம் இருக்காது, சண்டைதான் இருக்கும்.

லேபிள் ஒன்று ஒப்பந்தத்தோடு வந்தால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று போடாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்.

இவற்றைவிடப் பெரியது 2012 திருத்தம். மாநிலங்களவையில் இருந்தபடி பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போராடிப் பெற்றது. சினிமா அல்லாத ஒரு பாட்டின் உரிமையை லேபிளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், அதன் பயன்பாட்டுக்கு வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்கை லேபிளோடு சமமாகப் பிரித்துக்கொள்ளும் உரிமை அவர்களை விட்டுப் போகாது. அந்த உரிமையை வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ‘எல்லா உரிமையும் விட்டுத்தருகிறேன்’ என்று வாங்கிக்கொள்ளும் கையெழுத்து இந்த இடத்தில் செல்லுபடியாகாது.

இன்னொன்று, கிராமத்துப் பக்கம் அடிக்கடி மறந்துபோவது. வயலில் நாற்று நடும்போது ஒரு பாட்டி பாடுவதை போனில் எடுத்து பாட்டுக்கு நடுவில் சேர்த்தால் அருமையாகத்தான் இருக்கும். நடவுப்பாட்டு ஊருக்கே பொது. ஆனால் அந்தக் குரல் அந்தப் பாட்டியுடையது. அவரும் சட்டப்படி நிகழ்த்துநர்தான். அவருடைய சம்மதம் வேண்டும், காசு வந்தால் பங்கும்.

*எஞ்சாமி சொன்ன பாடம்*

2021 மார்ச் 7-ல் ‘மாஜா’ தளத்தின் யூடியூப் சேனலில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. தீ, அறிவு பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, அமித் கிருஷ்ணன் இயக்கிய வீடியோ. ராக் இல்லைதான், ஆனால் சினிமாவுக்கு வெளியே வந்த தமிழ் சிங்கிள்களில் இந்த அளவுக்குப் பாய்ந்தது வேறு எது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருந்தது. யூடியூபில் 40 கோடியைத் தாண்டி ஓடியது. டிஜே ஸ்னேக் ரீமிக்ஸ் செய்தார்.

பிறகு விரிசல். ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ 2021 ஆகஸ்ட் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. சில நாளில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார்: பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் தான்தான், யாரும் தனக்கு ஒரு சொல்லோ ட்யூனோ தரவில்லை என்று. சந்தோஷ் நாராயணன் தன் பக்கத்தைச் சொன்னார்: மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கியது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று.

ஒரே ரூமில் வேலை செய்த மூன்று பேருக்கு ‘மெட்டு யாருடையது’ என்பதில் இரண்டு கதைகள். யார் சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது வீண். இப்படி ஒரு கேள்வி எழ இடம் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2024 மார்ச்சில் அடுத்த திருப்பம். இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டார். மாஜா அதை மறுத்தது. பாட்டு யாருடையது என்ற சண்டைக்குப் பின்னால், பணம் எந்தக் குழாயில் போகிறது என்ற இன்னொரு கேள்வி காத்திருந்தது.

*வெள்ளிக்கிழமை ரிலீஸ்*

அந்தக் குழாயைத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்குத் தனிநபர் நேராகப் பாட்டை அனுப்ப முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரியான விநியோகஸ்தர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் கிடைக்கும். பாட்டுக்கு ஆதார் கார்டு மாதிரி. எந்த நாட்டில் ஓடினாலும் கணக்கு அந்த எண்ணில் ஏறும். யாருடைய பெயரில் விநியோகஸ்தர் கணக்கு இருக்கிறதோ அவருடைய வங்கிக்குத்தான் பணம் வரும், அதையும் ஸ்ப்ளிட் ஷீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க புதுப் பாட்டுக்கான நாள் வெள்ளி. ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க குறைந்தது 7 நாள் முன்னாடியே அனுப்பியிருக்க வேண்டும். ‘மிக்ஸ் முடிஞ்சது மச்சி, இன்னைக்கே போட்டுடலாம்’ என்பவர்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

வருமானத்தில் அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவு ராயல்டி தருவதில்லை. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும் வருடத்துக்கு 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸுக்குக் கணக்கு வேறு).

விநியோகஸ்தர் கொண்டுவந்து தருவது மாஸ்டருக்கான பணம் மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் தனியாகப் பணம் சேர்கிறது. அதை இந்தியாவில் வசூலிப்பது ஐபிஆர்எஸ், அதாவது இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி. 2017-ல் அரசிடம் பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவான அமைப்பு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் இருவரும் தனித்தனியாக உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். சினிமாவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து, தனிப்பாடல் செய்கிற பலர் அந்தப் பக்கமே போவதில்லை. விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். அதற்காகப் பொதிகையில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.