ஐ7 கேட்கும் முன்

வீட்டில் ஒரு பிள்ளை விஸ்காம் சேர்ந்திருக்கிறது. பகலில் குறும்படம் எடிட் செய்ய வேண்டும், ராத்திரி நண்பர்களோடு வேலரன்ட் ஆட வேண்டும். அப்பா ஒப்புக்கொண்ட தொகை அறுபது, எழுபதாயிரம். பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி அசெம்பிள் செய்தால் இந்தத் தொகைக்கு உருப்படியான கம்ப்யூட்டர் அமையும். ஆனால் கடைப் படியேறியதும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே கேள்விதான்: “ஐ7 என்ன விலை?” அந்தக் கேள்வியைச் சற்று ஓரமாக வைப்போம். டீ ஆறுவதற்குள் அந்தப் பெட்டிக்குள் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஒரு கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர்கள் நாலைந்து பேர். எது முதலில், எது அடுத்து, உப்பு எவ்வளவு என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ப்ராசசர் இதுதான், அதிலுள்ள ஒவ்வொரு ‘கோரு’ம் ஒரு சமையல்காரர். ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்கும் பெருங்கூட்டம் கிராஃபிக்ஸ் கார்டு. யோசிக்கும் வேலை அவர்களுக்கு அதிகம் இல்லை, ஆனால் ஒரே மாதிரியான வேலையை ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் செய்து முடிக்கும். நறுக்கியதையும் அரைத்ததையும் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைக்கும் இடம் ராம். சாமான்களை மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் உக்கிராண அறை எஸ்எஸ்டி. இதில் ஒருவர் தாமதித்தால் போதும், பந்தி காத்திருக்கும். மற்றவர்கள் எவ்வளவு கைதேர்ந்தவர்களாக இருந்தாலும் அந்த ஒருவரின் வேகம்தான் பந்தியின் வேகம்.

இனி ஒரு கேமைப் பார்ப்போம். திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓட வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி நொடி. அதற்குள் எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எந்தப் பக்கம் போகிறது, சுவரில் பட்டதா என்றெல்லாம் ப்ராசசர் கணக்குப் போட்டு, “இதை வரை” என்று கார்டிடம் சொல்லும். கார்டு உடனே ஃபுல் எச்டி திரையின் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகளுக்கும் நிறம் தீட்டும். வேலரன்ட்டில் படம் எளிமையானது, அதனால் கார்டு சீக்கிரம் முடித்துவிட்டு ப்ராசசருக்காகக் காத்திருக்கும். சைபர்பங்க் 2077 போன்ற கேமில் வெளிச்சமும் நிழலும் பிரதிபலிப்புமாகப் படம் கனமானது. அங்கே ப்ராசசர்தான் காத்திருக்க வேண்டும்.

யார் காத்திருக்கிறார் என்பதை நீங்களே சோதிக்கலாம். கேமின் செட்டிங்கில் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அப்போது எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை, நன்றாக ஏறினால், இதுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் ப்ராசசர். எதை மாற்றினால் பலன் கிடைக்கும் என்பதைக் காசு செலவில்லாமல் சொல்லிவிடும் சோதனை இது. நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் இன்னும் நல்லது.

இப்போது அந்த ஐ7 கேள்விக்கு வருவோம். ஏனென்றால் நிறையப் பேருடைய பணம் இங்கேதான் வீணாகிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பவற்றை ஏறுவரிசையில் வைத்த தரமென்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஆண்டில் வந்த சிப்புகளுக்குள் அது பெரும்பாலும் சரி. ஆண்டு மாறிவிட்டால் அந்த வரிசைக்குப் பொருள் இல்லை. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் கோர் நான்குதான். ஆனால் பின்னதன் ஒவ்வொரு கோரும் முன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வேலை செய்யும். பெயரில் சின்னதாகத் தெரிகிற ஐ3, அந்த ஐ7-ஐ எல்லா வேலையிலும் முந்திவிடும்.

ஆபீஸ்களிலிருந்து கழிந்து வரும் பழைய பெட்டிகள் ‘ஐ7, 16 ஜிபி ராம்’ என்ற அட்டையோடு மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுதான். டைப் அடிக்கவும் பாடம் படிக்கவும் அவை நல்லவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் வேலைக்குத்தான் அவை ஆகாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் சிப்புகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தக் கால மதர்போர்டுகளில் அது கிடையாது.

எடிட்டிங்கில் சிக்கல் இன்னும் ஆழமானது. போனில் எடுத்த வீடியோ போனில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, கம்ப்யூட்டரில் டைம்லைனில் போட்டால் திக்கித் திணறுகிறது. “போனே ஓட்டுகிறதே, இவ்வளவு பெரிய பெட்டி ஏன் ஓட்டவில்லை?” என்று எல்லோரும் குழம்புவார்கள். இன்றைய போன்கள் பல வீடியோவை ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. ஒரு படத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களுக்கு ‘முந்தியதிலிருந்து என்ன மாறியது’ என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும் முறை அது. வரிசையாக ஓட்டும்போது தொந்தரவில்லை. எடிட் செய்யும்போது நாம் நடுவில் எங்கேயோ தாவுகிறோம், பின்னால் இழுக்கிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் கம்ப்யூட்டர் முந்தைய முழுப்படத்தைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு மாற்றமாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

இந்தச் சுருக்கை அவிழ்ப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்றைப் புதிய சிப்புகளில் பதித்திருக்கிறார்கள். போனிலும் அது உண்டு, அதனால்தான் போன் வழுக்கிக்கொண்டு ஓட்டுகிறது. ஹெச்இவிசி தரம் வெளியானது 2013-இல். ஐ7-2600 பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டு முன்னால். தனக்குப் பின்னால் வந்த ஒரு முறைக்கான சுற்று அதில் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் கோர்களே மூச்சுமுட்டக் கணக்குப் போட்டு அவிழ்க்க வேண்டியதுதான்.

ஆகவே ப்ராசசர் வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தையும் பார்க்க வேண்டும். ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டிலும் ஆறு கோர்கள், வேகமும் ஒன்றே. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, அதனால் விலை சற்றுக் குறைவு. கேம்தான் பிரதானம், எப்படியும் தனிக் கார்டு போடப்போகிறோம் என்றால் எஃப் போதும், அல்லது அதே ஆறு கோர் கொண்ட ஏஎம்டி ரைசன் 5 5600. எடிட்டிங்தான் சோறு போடப்போகிறது என்றால் எஃப் இல்லாததை வாங்குங்கள் என்பேன். அதில் உள்ளேயே இருக்கும் இன்டெலின் குவிக் சிங்க் என்ற சுற்று, போன் வீடியோவை மட்டுமல்லாமல், சில கேமராக்கள் எடுக்கும் 10-பிட் 4:2:2 ஹெச்இவிசி கோப்புகளையும் அவிழ்க்கும். விலை அதிகமான பல கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கே இந்தக் கடைசி வித்தை தெரியாது. எது வாங்கினாலும் 4கே கோப்பு கனமாகத் தோன்றினால், ‘ப்ராக்ஸி’ என்ற சின்ன நகல்களை எடிட்டிங் மென்பொருளிலேயே உண்டாக்கி அவற்றை வைத்து வெட்டி ஒட்டலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாக மூலக் கோப்புக்குப் போய்விடும்.

கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே மயக்கம் வேறு உருவில் வரும்: “எத்தனை ஜிபி கார்டு?” ஜிபி என்பது இடத்தின் அளவு, வேகம் வேறு. என்விடியாவின் ஜிடி 1030 கார்டு ஒரே பெயரில், ஒரே 2 ஜிபி அளவில் இரண்டு வகையாக வந்தது. ஜிடிடிஆர்5 வகையில் நினைவகம் நொடிக்கு 48 ஜிபி கொடுக்கும். டிடிஆர்4 வகையில் சுமார் 17 ஜிபிதான். டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றே. இன்னொன்று, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. கேமுக்கென்று மலிவாக வந்த கார்டு. எக்ஸ்போர்ட்டின்போது வீடியோவைச் சுருக்கும் சுற்றை அதில் வைக்கவே இல்லை. எடிட் செய்பவர் அதை வாங்கக் கூடாது. நம் தொகைக்கு ஆர்எக்ஸ் 6600 கேமுக்கு நல்ல கார்டு, 8 ஜிபி. 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் எடிட்டிங்குக்கு அதைத் தேர்ந்தெடுப்பேன். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போனால் கேமும் ஆடும் நம்மைப் போன்றவர்களுக்கு அது சரியான செலவு.

ராம் 16 ஜிபி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். ஒற்றை 16-ஐ விட எட்டும் எட்டுமாக இரண்டு வாங்குவது நல்லது, ப்ராசசருக்கு இரண்டு வழியாகச் சரக்கு வரும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை மளமளவென்று ஏறியது. 32 வாங்க இப்போது கை வரவில்லையென்றால், நான்கு ராம் இடமுள்ள மதர்போர்டாகப் பார்த்து வாங்கிவிட்டு மீதியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். எச்610 வகைப் பலகைகளில் இரண்டு இடம்தான். ஒரு பலகை டிடிஆர்4 அல்லது டிடிஆர்5, இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்எஸ்டி என்விஎம்இ வகையில் 1 டிபி; 4கே வீடியோ இடத்தை விழுங்கும் வேகத்துக்கு 500 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும். முடிந்த வேலைகளைப் போட்டு வைக்கப் பழைய பாணி ஹார்டு டிஸ்க்கே போதும். கேபினெட் முன்பக்கம் காற்று புகும்படி சல்லடையாக இருந்தால் சரி, விளக்கு அலங்காரத்துக்குத் தனியாகக் காசு தர வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். கரண்ட்டை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் அனுப்பும் பெட்டி அது. பட்ஜெட் இடித்தால் எல்லோரும் கை வைப்பது இதில்தான், கேபினெட்டோடு சேர்த்து ஒன்று மலிவாக வரும். அதன் மேல் ‘450 வாட்’ என்று பெரிதாக இருக்கும். நீங்கள் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டவணையைப் படியுங்கள். ப்ராசசரும் கார்டும் உயிர் வாழ்வது 12 வோல்ட் வரியில்தான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ரைசன் 5 5600-க்குக் கணக்குப்படி 65 வாட். கூட்டினால் 197, அதற்குள்ளேயே அளவு தாண்டிவிட்டது. கேமின் நடுவே கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தான் மட்டும் போகாது, பலகையையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். 550 வாட், ‘80 ப்ளஸ் ப்ரான்ஸ்’ முத்திரையுள்ளதைத் தனியாக வாங்குங்கள். பவர்கட் அடிக்கடி வரும் ஊரென்றால் ஒரு யுபிஎஸ்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

சென்னையில் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவோ, உங்கள் ஊர்க் கடையோ, முதல் நாள் கொட்டேஷன் மட்டும் வாங்கி வாருங்கள். பாகத்தின் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘16 ஜிபி ராம்’, ‘500 வாட் எஸ்எம்பிஎஸ்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாமென்று விடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாவது போலத் தோன்றும், மூன்று ஆண்டு வாரன்ட்டிக்கு அந்தப் பில்லும் அதில் எழுதிய சீரியல் நம்பரும்தான் ஆதாரம்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று செய்ய வேண்டியவை மூன்று உண்டு. ராம் டப்பாவில் 3200 என்று போட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை இயக்கும் வரை அது பெரும்பாலும் 2133, 2666 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடும்; உள்ளே போய் அதை இயக்குங்கள். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல், கீழே கிடைமட்டமாக இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் செருகுங்கள், இல்லாவிட்டால் வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். எஃப் ப்ராசசராக இருந்தால் படமே வராது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அது 60-இலேயே நின்றிருக்கிறதா என்று பார்த்து, 144-க்கு மாற்றிவிட்டு கேமைத் திறங்கள்.