பறக்காத கிளியும் சீழ்க்கையடிக்கும் மார்மட்டும்

1995இல் நியூசிலாந்தில் எஞ்சியிருந்த காக்காப்போ கிளிகள் 51. 2003இல் கனடாவின் வான்கூவர் தீவு மலைகளில் இருந்த மார்மட்டுகள் 30 கூட இல்லை. முன்னது பறக்கத் தெரியாத பறவை. பின்னது அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. இரண்டும் நலிந்த காரணம் வேறு வேறு. அதனால் மீட்கும் வழியும் வேறாயிற்று.

காக்காப்போதான் உலகிலேயே கனமான கிளி. ஆண் நான்கு கிலோ வரை எடையிருக்கும். தரையில் நடந்து இரை தேடும் பாலூட்டிகள் இல்லாத நாட்டில் உருவான இனம் இது. அதன் பழைய பகைவர்கள், வானிலிருந்து கண்ணால் தேடும் வேட்டைப் பறவைகள். பாசிநிற இறகோடு அசையாமல் நின்றாலே தப்பித்துவிடலாம். ஆனால் மனிதரோடு வந்த பூனையும் ஸ்டோட் என்ற சிறு ஊனுண்ணியும் மோப்பம் பிடித்து வருபவை. காக்காப்போவின் உடலிலோ தூக்கலான மணம். நின்ற இடத்திலேயே பிடிபட்டது. இழப்பை ஈடுகட்டவும் அதனால் முடியவில்லை. ரிமு மரங்கள் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் ஆண்டில்தான் அது முட்டையிடும். அப்படியோர் ஆண்டு வர இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும்.

மார்மட்டுக்கு ஓநாய், பூமா, பொன்னிறக் கழுகு எல்லாமே பழகிய பகைவர்கள். மலைப் புல்வெளியில் பார்வை தடைபடாது. ஒன்று சீழ்க்கையடித்தால் மற்றவை வளைக்குள் பாய்ந்துவிடும். கெடுத்தது காடுவெட்டு. புது இடம் தேடி நெடுந்தூரம் போக வேண்டிய இளம் மார்மட்டுகள், மரம் வெட்டிய வெளிகளைப் புல்வெளியென்று நம்பி அங்கேயே குடியேறின. சில ஆண்டுகளில் மரங்கள் மீண்டும் தழைத்துப் பார்வையை மறைத்தன. வேட்டை விலங்குகளுக்குப் பதுங்க இடம் கிடைத்தது.

காக்காப்போக்களைப் பூனையும் ஸ்டோட்டும் இல்லாத சிறு தீவுகளுக்கு மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், முதுகில் ஒரு டிரான்ஸ்மிட்டர். 2022இல் எண்ணிக்கை 250ஐத் தொட்டது.

மார்மட்டை மீட்பதுதான் கடினமான வேலை என்பேன். ஓநாயும் கழுகும் அந்தத் தீவில் இயல்பாகவே வாழ்பவை. அவற்றை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. டொராண்டோ, கால்கரி உயிரியல் பூங்காக்களில் பிறந்த குட்டிகளை மலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டில் ஏறக்குறைய ஏழு மாதம் உறங்கிக் கழிக்கவும், பகைவரைக் கண்டு ஓடவும் அவை பழக வேண்டும். அதனால் சிலவற்றை முதலில் அதே தீவிலுள்ள வாஷிங்டன் மலையில் காட்டு மார்மட்டுகளோடு சேர்த்துவிட்டு, ஒரு குளிர்காலம் தாக்குப்பிடித்தவற்றை ஸ்ட்ராத்கோனா இயற்கைப் பூங்காவுக்கு மாற்றுகிறார்கள். இன்று மலைகளில் 300க்கும் மேற்பட்ட மார்மட்டுகள் உள்ளன.