முதலில் நகல், பிறகு பழுது

கணினி திறக்கவில்லை என்றதும், உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்றுதான் பலருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது உண்மையில்லை. 2024 ஜூலை 19 அன்று உலகமே அதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட் ஒன்றில் பிழை. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. விமானங்கள் ரத்தாயின; இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கணினிகளில் இருந்த கடிதங்களும் கணக்குகளும் படங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. சேஃப் மோடில் திறந்து, பிழையான அந்த ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்துவிட்டன. அன்று பதறிப்போய் ஃபார்மட் அடித்தவர் யாராவது இருந்தால், அவர் பறிகொடுத்தது நோயால் அல்ல, வைத்தியத்தால்.

காரணம் எளிது. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள மென்பொருள், டிஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு தொடக்கப் பகுதியைத் தேடுகிறது. பல கணினிகளில் அதன் அளவு 100 மெகாபைட்தான். அங்கிருந்து விண்டோஸின் கரு, அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரி, டிரைவர்கள், கடைசியாகப் பயனரின் கணக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும். நடுவில் எது சறுக்கினாலும் திரை அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஒரு கோப்பைப் படிக்க இத்தனையும் வேண்டியதில்லை. டிஸ்க் உயிரோடு இருக்க வேண்டும், எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை கெடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி கிளம்பவில்லை என்பதற்காக அதில் ஏற்றிய சரக்கு காணாமல் போவதில்லை. லேப்டாப் விளக்கே எரியாமல் கிடந்தால் சார்ஜர், பேட்டரி, போர்டு இவற்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க்குக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

எனவே பழுதில் கைவைப்பதற்கு முன் நகல் எடுத்துவிட வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு வழிகள் உண்டு. அடுத்தடுத்துத் தொடங்கத் தவறினால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே கமாண்ட் பிராம்ப்டில் நோட்பேடைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்தால் வரும் சிறிய பெட்டியிலேயே கோப்புறைகளைக் காப்பி செய்து பென்டிரைவில் ஒட்டலாம். அதில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். வழக்கமான சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம். இன்னும் வசதியானது, வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே தொடங்குவது. கிளாவுஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் சிடியால் பரவலான இந்த முறைக்கு, உள்ளே இருக்கும் விண்டோஸின் தயவு தேவையில்லை. திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர்கள் டிஸ்க்கையே கழற்றி, சில நூறு ரூபாய் யுஎஸ்பி உறையில் போட்டு இன்னொரு கணினியில் செருகிவிடலாம்.

டிஸ்க்கைக் கழற்றினாலும் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த வாதத்துக்கு உள்ள பெரிய எல்லையும் அதுதான். இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், பெரும்பாலும் டிஸ்க் தானாகவே மறையாக்கப்பட்டுவிடுகிறது. அப்புறம் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் லினக்ஸாலும் பயனில்லை. கிரவுட்ஸ்டிரைக் நாளில் பல அலுவலகங்கள் திண்டாடியதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம். அந்த எண் பொதுவாக அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் நுழைந்தே பார்க்கலாம். கணினி விற்றவர் தம் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் எண்ணும் அவரிடம்தான் இருக்கும். இன்றைக்கே விசாரித்து வைப்பது நல்லது. புதிய மேக் கணினிகளில் சேமிப்புச் சிப்பைப் பெயர்த்து எடுத்தாலும் படிக்க முடியாது. சாவி அந்தக் கணினியின் செயலியோடு பிணைந்தது.

இன்னொரு விலக்கு, டிஸ்க்கே சாகக் கிடப்பது. ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்ப்பது அதன் மிச்ச ஆயுளைத் தின்பதாகும். அந்த நிலையில் டிஸ்க்கைச் சரிசெய்யும் கட்டளைகளை ஓட்டுவதும் ஆபத்து, அவை அதன் மேலேயே எழுதப் பார்க்கும். தரவு விலைமதிப்புள்ளது என்றால் அணைத்துவிட்டு மீட்புக்கூடத்துக்குக் கொண்டுபோவதே சரி. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியம் இன்னும் ஊரில் உலவுகிறது. அதனால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்வதுதான் மிச்சம்.

சரி, இவ்வளவு மெனக்கெடுவானேன், ஃபார்மட் அடித்து விண்டோஸ் ஏற்றினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்ததே என்பார்கள். பழுதுக்கடைக்கு அது வசதி, சந்தேகமில்லை. ஓடுகிற கணினியைக் கையில் கொடுத்துவிடலாம். முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். அது போகட்டும், டெஸ்க்டாப்பில் குவித்து வைத்த படங்களும் அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பும் இருப்பது சியில்தானே? பழைய ஹார்டு டிஸ்க்கில் ஃபார்மட் ஆன பிறகும், மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் ஓரளவு மீட்கலாம். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பும் சுருங்கிவிட்டது. எந்த இடம் காலியானது என்று விண்டோஸ் சொல்லிவிடும். எஸ்எஸ்டி அதைத் தானே துடைத்துவிடும். அவசர வேலை இருப்பவர்கள் புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் விண்டோஸ் ஏற்றிக்கொண்டு, பழையதைத் தொடாமல் எடுத்து வைக்கலாம். கழற்ற முடியாத டிஸ்க் உள்ள லேப்டாப்களுக்கு மட்டும் இது உதவாது.

மென்பொருள்களின் கதை வேறு. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை அப்படியே தூக்கி இன்னொரு கணினியில் வைத்தால் அதில் உள்ளவற்றில் பல ஓடாது. ஒரு மென்பொருளின் அமைப்புகள் ரெஜிஸ்ட்ரியிலும், துணைக் கோப்புகள் விண்டோஸ் கோப்புறையிலும், உரிமம் சில சமயம் மதர்போர்டின் அடையாளத்திலும் சிதறிக் கிடக்கும். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள்கூட அந்த விண்டோஸ் கணக்கோடு கட்டுண்டவை. புக்மார்க் வரும், கடவுச்சொல் வராது. ஆக, கோப்பை வெளியே எடுத்துக் காப்பாற்றலாம். மென்பொருளைக் காப்பாற்ற அதே விண்டோஸை எழுப்பியாக வேண்டும். கோப்புகள் பத்திரமாக வெளியே வந்துவிட்டால் சிஸ்டம் ரீஸ்டோர், கடைசி அப்டேட்டை நீக்குவது, தொடக்கப் பகுதியைத் திரும்ப எழுதுவது என்று ஒவ்வொன்றாகத் துணிந்து முயலலாம். விண்டோஸின் ரீசெட் வசதி கோப்புகளை விட்டுவைத்தாலும், நாம் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். அதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். டேலி மாதிரிக் கணக்கு மென்பொருளில் நிலைமை சற்று ஆறுதல்: டேட்டா கோப்புறை கைக்கு வந்தால் மென்பொருளை மறுபடி நிறுவி, அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன்னும், பதிப்பகங்களிலும் டிடிபி கடைகளிலும் அதற்குப் பின்னும், பாமினி, டாப், டாம் என்று பல குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு நடந்தது. அப்படிப்பட்ட கோப்பு முழுசாக மீண்டாலும், எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் திறக்கும். கெட்டுப்போய்விட்டது என்று அதை அழித்துவிட வேண்டாம். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து நகலெடுத்து, புதிய கணினியில் நிறுவினால் தமிழ் வந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகளும் கிடைக்கின்றன.