வேளாங்கண்ணிக்கு குழந்தையோட போறீங்களா? வீசிங் இருந்தா இன்ஹேலர் யார் பையில இருக்கணும்?

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. இந்த நாட்களில் வேளாங்கண்ணிக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். நடந்தே வருபவர்களும் ஏராளம். உங்கள் குழந்தைக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு கிளம்புங்க.

வீசிங் ஏன் வருது?

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய் உள்ளே லேசான வீக்கம் இருந்துகொண்டே இருக்கும். தூசி, புகை, சளி என ஏதாவது தூண்டினால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, பாதை குறுகிவிடும். அதுதான் அந்த விசில் சத்தம். சில குழந்தைகளுக்கு சத்தமே இருக்காது. ராத்திரியிலும் விடியற்காலையிலும் வறட்டு இருமல் மட்டும் வரும்.

திருவிழாவில் எதில் கவனம்?

மெழுகுவர்த்திப் புகை, சாம்பிராணி, தெருப் புழுதி, கூட்டத்தில் தொற்றும் சளி, தங்கும் அறையில் பழைய மெத்தை, கொசுவர்த்திச் சுருள். டெல்டா குழந்தைகளுக்கு தை மாதம் வந்தால் போகிப் புகையும் அறுவடைத் தூசியும் சேர்ந்துகொள்ளும்.

இன்ஹேலர் பழகிடுமா?

பழகாது. சிரப், மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். இன்ஹேலர் மருந்து குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குப் போகும். இதில் இரண்டு வகை உண்டு. சால்பியூட்டமால் போன்றது உடனடி நிவாரணத்துக்கு. புடசோனைடு போன்றது வீக்கத்தைக் குறைக்க, டாக்டர் சொன்னபடி தினமும் எடுப்பது. சத்தம் நின்றதும் பலர் இந்த இரண்டாவதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். சத்தம் நின்றாலும் வீக்கம் உள்ளே இருக்கும்.

மூச்சு திணறினால்?

* புகையில்லாத இடத்தில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள்.

* டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் சொல்லித்தரும் முதலுதவி முறை இது: ஒவ்வொன்றாக 4 பஃப், ஒவ்வொரு பஃப்புக்கும் 4 மூச்சு, பிறகு 4 நிமிடம் காத்திருப்பு.

* சரியாகவில்லை என்றால் உடனே 108. பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, விலா இடுக்கு உள்வாங்கினாலோ காத்திருக்கவே வேண்டாம். திருவிழா நெரிசலில் ஆம்புலன்ஸ் வரவும் நேரமாகும். போன் செய்த பிறகும் இன்ஹேலரைத் தொடருங்கள்.

கடைசியா ஒண்ணு. இன்ஹேலரும் ஸ்பேசரும் லாட்ஜ் ரூம் பெட்டியில் இருந்தால் பயனில்லை. கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்திருப்பவர் யாரோ, அவர் பையில் இருக்கட்டும்.