தனி எழுத்துருக்களின் விலை: ரொறன்ரோ தமிழ் ஆவணங்கள் எதிர்நோக்கும் சிக்கல்

கனடாவின் ரொறன்ரோ பெரும்பாகத்தில் 1990களில் வெளிவந்த தமிழ் ஏடுகளும் ஊர்ச் சங்க மலர்களும் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டே கணினியில் கோக்கப்பட்டன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கணினியில் பதிவாவது ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு அவற்றின் மீது தமிழ் உருவைப் போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும்.

இலங்கைப் போரினால் புலம்பெயர்ந்தோர் எங்கு குடியேறினர், எவர் எப்போது இறந்தார் என்பன போன்ற விவரங்கள் பலவும் இத்தகைய கோப்புகளிலேயே உள்ளன. தேடுபொறிகளுக்கு அவை பொருளற்ற ஆங்கிலக் குவியல்.

பொதுத் தரம் ஒன்றிருக்க, அதற்கு அப்பால் தமக்கு வசதியான வழியை வகுத்துக்கொள்வது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. எந்தக் கணினியிலும் இயங்கவேண்டும் என்ற நோக்குடன் உருவான ஜாவா நிரல்மொழியில், விண்டோஸில் மட்டுமே இயங்கும் கூறுகளைச் சேர்த்ததாக மைக்ரோசாஃப்ட் மீது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997இல் வழக்குத் தொடர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் செலுத்தியதுடன் 2001இல் அது முடிவுக்கு வந்தது. அக்கூறுகளைப் பயன்படுத்தி எழுதப்பட்ட நிரல் வேறு கணினிக்குப் போக முடியாது என்பதே சர்ச்சையின் சாரம்.

தமிழில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 2010இல். யூனிகோட் எனப்படும் ஒருங்குறி, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியுள்ளது. 'கொ' போன்ற உயிர்மெய்கள் அதில் இரு குறிகளின் சேர்க்கையாகவே அமைகின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்ற வாதத்திலிருந்து பிறந்த டேஸ் 16 முறையை, ஒருங்குறியுடன் சேர்த்துத் தமிழக அரசு அந்த ஆண்டு ஜூன் மாதம் தரமாக அறிவித்தது. வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அகரவரிசைப்படுத்துவது அதில் எளிது. அச்சுப் பக்கம் வடிவமைக்கும் சில மென்பொருட்கள் அக்காலத்தில் ஒருங்குறித் தமிழைச் சரிவரக் காட்டவுமில்லை.

ஆனால் டேஸ் 16 குடியிருப்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். அங்குள்ள 6,400 இடங்களுக்கு எந்தப் பொருளையும் ஒருபோதும் வரையறுப்பதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் விதி. யாரும் எதையும் வைக்கலாம். பெறுபவருக்கு அது புரியும் என்ற உறுதி மட்டும் இல்லை. ஆப்பிள் நிறுவனம் தன் சின்னத்தையே அங்குதான் வைத்திருக்கிறது. பிற நிறுவனங்களின் கருவிகளில் அது பெரும்பாலும் வெற்றுக் கட்டமாகவே தெரியும்.

பொதுவழி மெதுவானதுதான். தமிழின் பழைய பின்ன எண்களும் அளவைக் குறியீடுகளும் அடங்கிய 51 குறிகள், நீண்ட பரிசீலனைக்குப் பின் 2019 மார்ச் மாதம் வெளியான ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. அவற்றுக்கு இப்போது உலகெங்கும் ஒரே பொருள்.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும், எந்த எழுத்துரு என்பது முதலில் தெரிந்திருக்கவேண்டும். வெற்று உரையாகச் சேமித்த கோப்பில் அப்பெயர் இருக்காது. கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லோ ஸ்காபரோ முகவரியோ வந்தால், கருவி அதையும் தமிழென்றே எண்ணி உருக்குலைத்துவிடும். அத்தகைய இடங்களை ஒருவர் அமர்ந்து வரிவரியாகத்தான் திருத்தவேண்டியிருக்கிறது.