பனிநாட்டு வீட்டின் செலவுக் கணக்கு

கனடா நாட்டின் நடுப்பகுதியில், செவ்வாறும் அசினிபாயின் ஆறும் கூடுமிடத்தில் வினிபெக் என்னும் நகரம் அமைந்துள்ளது. ஜனவரி மாதத்தில் அங்கே சராசரி வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 16 டிகிரி சென்டிகிரேடு ஆகும். மிகக் கடுமையான இரவுகளில் அது கீழே 40 டிகிரியையும் நெருங்கிவிடும். சென்டிகிரேடு அளவும் பாரன்ஹீட் அளவும் ஒரே எண்ணைக் காட்டும் புள்ளி அதுவே என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இத்தகைய ஊரில் சொந்த வீடுடையவர் எதற்குப் பொருள் செலவிடுகிறார்? வீட்டைச் சூடாக்குவதற்கு என்று உடனே விடை கூறுவீர்கள். அது பாதி விடைதான். அந்நகரில் சில குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் நான் சொல்வேன்: குளிருக்கு அஞ்சிச் செய்யும் செலவைப் போலவே, தண்ணீருக்கு அஞ்சிச் செய்யும் செலவும் அங்கே பெரிது.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். நிலவறையில் இயற்கை வாயுவால் எரியும் உலை ஒன்று இருக்கும். அது சூடாக்கும் காற்று, தகரக் குழல்களின் வழியே அறைதோறும் செல்லும். ஒரு வீடு வெப்பத்தை இழக்கும் வேகம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேற்றுமையைப் பொறுத்தது. உள்ளே 20 டிகிரி இருக்க, வெளியே பூஜ்யமானால் வேற்றுமை 20; வெளியே பூஜ்யத்திற்குக் கீழே 20 ஆனால் வேற்றுமை 40. உலையும் ஏறக்குறைய இருமடங்கு எரிந்தாக வேண்டும். ஆதலால் ஜனவரிக் கட்டணத்தைக் கண்டு குடும்பத்தலைவர் திகைக்காதிருக்க, ஆண்டுச் செலவைக் கணித்து மாதந்தோறும் சமமாகச் செலுத்தும் ஏற்பாடும் அங்கு உண்டு.

உண்டாக்கிய வெப்பத்தைக் காப்பதற்குச் சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணிக்கிறார்கள். உண்மையில் வெப்பத்தைத் தடுப்பது இழையன்று. இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றே. நமது கம்பளிக்கும் இதுவே இரகசியம். ஆனால் சமைப்பதாலும் குளிப்பதாலும் மூச்சு விடுவதாலும் எழும் நீராவி இப்பஞ்சினுள் புகுந்தால், குளிர்ந்த பக்கத்தில் உறைந்து, வசந்தத்தில் உருகி, மரச்சட்டங்களை மக்கச் செய்துவிடும். அதனால் சுவரின் உட்புறத்தில் பாலிதீன் தாள் ஒன்றைப் பொருத்துகின்றனர்.

கூரையிலும் இதே பகைதான். வீட்டு வெப்பம் மேலே கசிந்தால், கூரைமேல் படிந்த வெண்பனியின் அடிப்பகுதி உருகும். உருகிய நீர் குளிர்ந்த இறவாரத்துக்கு வந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல் நிற்கும். பின்னால் தேங்கும் நீர் கூரை ஓடுகளுக்கடியில் நுழைந்து அறைக்குள் சொட்டும். மழையே பெய்யாத மாதத்தில் ஒழுகும் வீட்டைக் கண்டால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்!

குழாய்களின் செய்தி இன்னும் கடுமையானது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகுகிறது. உறைந்த இடத்துக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்குண்டு, குழாயைப் பிளந்துவிடும். பிளந்தது அப்போது தெரியாது. பனிக்கட்டி உருகிய பின்னரே வீடு வெள்ளக்காடாகும். 2014 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வினிபெக்கின் நிலத்தில் உறைவு மிக ஆழமாக இறங்கி, தெருவிலிருந்து வரும் குழாய்களையே பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் நின்றது. அண்டை வீட்டிலிருந்து ரப்பர்க் குழாய் இழுத்துத் தண்ணீர் பெற்றவர் பலர். ஆபத்துள்ள வீடுகளில் ஒரு குழாயைப் பென்சில் பருமனில் இரவும் பகலும் ஓடவிடும்படி நகராட்சி கேட்டுக்கொண்டது. ஓடும் நீர் எளிதில் உறையாதன்றோ?

குளிர்காலத்தில் சில நாட்கள் வெளியூர் செல்வதும் எளிதன்று. வீட்டை நாள்தோறும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அல்லது தண்ணீரை அடைத்துக் குழாய்களை வடித்துவிட்டுச் செல்ல வேண்டும். இவ்விரண்டில் ஒன்றும் செய்யாதவருக்கு, உறைந்து வெடித்த குழாயின் நட்டத்தை இன்ஷுரன்ஸ் நிறுவனங்கள் பொதுவாக ஈடு செய்வதில்லை. ஆகவே அண்டை வீட்டாரின் நட்பு அங்கே ஓர் உபசார விஷயமன்று. நான் இருந்த தெருவில், சாவியை ஒருவருக்கொருவர் கொடுத்து வைக்காத வீடு அரிது.

உலையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் வடிகட்டியைச் சில மாதங்களுக்கொருமுறை மாற்றுவது சிறு செலவு. புதுவகை உலைகளின் புகைக்குழல் பக்கச்சுவரின் வழியே வெளிவருகிறது. காற்றில் குவியும் வெண்பனி அதை மூடிவிடாமல் விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடைபட்டால் உலை நின்றுபோகலாம். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் சேர்ந்து உறங்குவோரின் உயிரைப் போக்கவும் கூடும். ஆகவே படுக்கையறைகளுக்கு அருகில் எச்சரிக்கை மணி ஒன்றை வைக்கிறார்கள். விலை சொற்பந்தான்.

ஏப்ரல் பிறந்து வெண்பனி உருகத் தொடங்கினால் தொல்லை தீருமா? அந்நகரின் நிலம் களிமண். நனைந்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். அடித்தளச் சுவரில் விரிசல் காணும். நிலவறையின் மூலையில் ஒரு குழியும், அதில் ஊறும் நீரைத் தானே இறைத்து வெளியேற்றும் பம்பும் இருக்கும். மின்சாரம் நின்றால் பம்பும் நின்றுவிடுமாதலால், அதற்கென ஒரு பாட்டரியையும் தனியே வாங்கி வைக்கிறார்கள்.