உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்காரருக்கே தெரியாத கூட்டம்

ரஷ்யப் புரட்சியை நேரில் கண்டு எழுதியவர்களில் ஜான் ரீடை நாம் அறிவோம். நிக்கோலாய் சுகானோவின் பெயர் அந்த அளவுக்கு இங்கே எட்டவில்லை, எட்டியிருக்க வேண்டும்.

ஆயுத எழுச்சிக்குப் போல்ஷ்விக் மத்தியக் குழு முடிவெடுத்தது 1917 அக்டோபர் 10 (புதிய நாட்காட்டியில் 23) இரவில். 10 பேர் ஆதரவு. சினோவியேவ், காமனேவ் இருவர் மட்டும் எதிர்ப்பு. மாறுவேடத்தில் லெனின் வந்த அந்த ரகசியக் கூட்டம் நடந்தது சுகானோவின் பெத்ரோகிராத் வீட்டில்தான். அவரோ போல்ஷ்விக்குகளை விமர்சித்த மென்ஷ்விக் அணிக்காரர். மனைவி கலீனா போல்ஷ்விக். "இன்றிரவு வேலையிடத்திலேயே தங்கிவிடுங்கள்" என்று கலீனா அக்கறையோடு சொன்னதை நம்பி, அவர் வீடு திரும்பவில்லை!

எழுச்சி நடந்தபோது கூடிய சோவியத் காங்கிரஸிலிருந்து தம் அணி வெளிநடப்புச் செய்தது பெரும் பிழை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். இந்த நேர்மைதான் அவருடைய 7 பாக நினைவுக்குறிப்புகளின் பலம். அவற்றைப் படித்துவிட்டுத்தான், 1923 ஜனவரியில், நோயுற்றிருந்த லெனின் 'நமது புரட்சி' கட்டுரையைச் சொல்லி எழுதவைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

ஸ்டாலின் ஆட்சியில், 1940-இல், சுகானோவ் சுட்டுக் கொல்லப்பட்டார்.